விடுமுறை முடிந்ததும் எழுத வேண்டியவை

வெப்பமண்டலக் கடலோரத்தில் விடுமுறையைக் கழித்துத் திரும்பியவர்களே, புத்தாண்டுத் தீர்மானத்துக்கு முன் நன்றியை எழுதுங்கள். "எல்லாம் அருமை" என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. அலை உயர்ந்தபோது படகைக் கரைக்குத் திருப்பிய படகோட்டி, நீங்கள் இல்லாதபோது செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிய பக்கத்து வீட்டுக்காரர், உங்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்த சக ஊழியர் என்று ஆளையும் செயலையும் குறிப்பிடுங்கள். அவர்களுக்கே அதை அனுப்பியும்விடுங்கள், அந்த வாரத்துக்குள்.

அடுத்து தீர்மானம். பயணத்தில் உங்களுக்கு நன்மை செய்தது எது? பெரும்பாலும் கடலைவிட, வெயில் ஏறும் முன் நடந்த நடையும் கைப்பேசி இல்லாத சாப்பாட்டு வேளையும் நேரத்தோடு வந்த தூக்கமும்தான். இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "இனி நன்றாகத் தூங்குவேன்" என்பது நிலைக்காது. "இரவு 10 மணி ஆனதும் கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போவேன்" என்று எழுதுங்கள். எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவு செய்வது இலக்கை எட்ட உதவுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் வெளியான கட்டுரையில் விளக்கியிருக்கிறார். ஜனவரி 1 வரை காத்திருக்கவும் வேண்டாம். வீடு திரும்பிய இரவே தொடங்கலாம்.