அட்டைப் பெட்டியில் ஒரு காவிரி: குழந்தைகளோடு நிலவடிவங்கள் செய்யலாம்

பாடப்புத்தகத்தில் மலைக்கு ஒரு படம், பீடபூமிக்கு ஒரு படம், சமவெளிக்கு ஒரு படம் என்று தனித்தனிக் கட்டங்களில் போட்டிருப்பார்கள். குழந்தைகள் பெயர்களை அழகாக ஒப்பித்துவிடுவார்கள். மலையிலிருந்து இறங்கினால் எங்கே போய்ச் சேருவோம் என்று கேட்டால்தான் விழிப்பார்கள். ஓர் ஆற்றைத் தொடக்கம் முதல் கடல் வரை அவர்கள் கையாலேயே செய்யவைத்தால் இந்தக் கட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அதற்குக் காவிரியைப் போல வசதியான ஆறு நமக்கு வேறில்லை. மலை, பீடபூமி, அருவி, ஆற்றுத்தீவு, சமவெளி, டெல்டா, கடற்கரை என எல்லாம் அதன் வழியிலேயே வருகின்றன.

ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு இது பொருந்தும். முடித்தபின் இதில் உண்மையாகவே தண்ணீர் ஊற்றப் போகிறோம். வண்ணம் பூசி அலமாரியில் ஏற்றிவிட்டால் பாதிப் பாடம் போய்விடும்.

சேகரிக்க வேண்டியவை

அடித்தளத்துக்குப் பெரிய அட்டைப் பெட்டியின் ஒரு பக்கம், 40 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம் போதும். பழைய செய்தித்தாள், முட்டை அட்டை, காலி இனிப்புப் பெட்டி, கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டுகள், தேங்காய் நார், நொறுக்கிய முட்டை ஓடு, வடிகட்டிக் காயவைத்த டீத்தூள், 80 செ.மீ. சணல் கயிறு, ஓரம் உயர்ந்த ஓர் அகலத் தட்டு, கொஞ்சம் மணல். விலை கொடுத்து வாங்க வேண்டியது செல்லோ டேப்பும் மைதாவும் மட்டுமே.

பசை காய்ச்சுதல்

ஒரு கப் மைதாவைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் நான்கு கப் தண்ணீர் வருமாறு சேர்த்து, சிறு தீயில் கிளறுங்கள். வெண்மை மங்கிக் கண்ணாடிபோல் வரும்போது இறக்கி, ஒரு கரண்டி உப்புப் போட்டு ஆறவையுங்கள். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பது உண்டு. அது நஞ்சு, குழந்தைகள் கைவைக்கும் பசையில் கூடவே கூடாது. அடுப்பு வேலை முழுவதும் பெரியவர்களுடையது.

கயிற்றால் ஆற்றை வரைதல்

இந்தப் படியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். காவிரியின் நீளம் சுமார் 800 கி.மீ. 10 கி.மீ.க்கு 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் நம் 80 செ.மீ. கயிறுதான் ஆறு. அட்டையின் இடப்பக்க ஓரத்தில் தலைக்காவிரி. வலப்பக்க ஓரத்தை ஒட்டி மணல் தட்டு வரும். பூம்புகார் அதற்குள் இருக்கிறது. இரண்டுக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 50 செ.மீ.தான். கயிறு மிஞ்சும். குழந்தைகள் இழுத்துப் பார்ப்பார்கள், வெட்டிவிடலாமா என்று கேட்பார்கள். வெட்டவிடாமல், வரைபடத்தை அருகில் வைத்து வளைக்கச் சொல்லுங்கள்: குடகிலிருந்து வடகிழக்காகச் சென்று, மைசூருக்கு வடக்கே திரும்பி, சிவசமுத்திரம் தாண்டி, ஒகேனக்கல்லில் தெற்கே இறங்கி, மேட்டூர், பவானி, ஈரோடு வழியாகக் கரூர்ப் பக்கம் கிழக்கே திரும்பும். ஆறு மேட்டை விட்டு விலகிப் பள்ளம் தேடிப் போகிறது என்பதை மிஞ்சிய கயிறே சொல்லிவிடும். திருச்சி, அட்டையில் ஏறத்தாழ 35 செ.மீ. தொலைவில் வரும். கயிற்றின் வழியே பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மலையும் பீடபூமியும்

இடது ஓரத்தில் முட்டை அட்டைத் துண்டுகளையும் கசக்கிய செய்தித்தாளையும் அடுக்கி 15 செ.மீ. உயரத்துக்குக் குடகு மலை. அதை அடுத்து இனிப்புப் பெட்டியைக் கவிழ்த்து ஒட்டினால் மைசூர்ப் பீடபூமி. பெட்டி ஒகேனக்கல் வரும் இடத்தில் முடியட்டும். அங்கிருந்து அட்டைத் துண்டுகளைப் படிப்படியாகக் குறைத்துச் சரிவு கொடுங்கள். தண்ணீர் இறங்க வேண்டுமே, ஆகவே பெட்டியின் மேற்பரப்பும் கிழக்கே மிக இலேசாகச் சாயட்டும்.

இதன்மேல் செய்தித்தாள் கீற்றுகளைப் பசையில் நனைத்து மூன்று அடுக்கு ஒட்ட வேண்டும். கீற்றுகளைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் படிந்து ஒட்டும். வெட்டிய ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். வெயிலில் இரண்டு நாள் காயட்டும்.

காய்ந்தபின் ஒரு கோலிக்குண்டு கொடுங்கள். மலையுச்சியில் வைத்தால் நிற்காமல் உருண்டோடும். பெட்டியின் மேல் வைத்தால் நிற்கும், அல்லது மெல்ல நகரும். உயரமான இடமெல்லாம் மலை என்று நினைக்கும் குழந்தைக்கு, உயரத்திலும் பரந்த நிலம் இருக்கலாம் என்பது அங்கே பிடிபடும்.

உயரத்தைப் பற்றி அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. தலைக்காவிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கயிற்றுக் கணக்கின்படி அது 1.3 மில்லிமீட்டர்தான், அட்டையின் தடிமன்கூட வராது. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக நூறு மடங்குக்கு மேல் தூக்கிக் காட்டியிருக்கிறோம்.

ஆற்றுப்பாதை

பால் பாக்கெட்டுகளை மூன்று விரல் அகலக் கீற்றுகளாக வெட்டுங்கள். கோட்டின் இருபுறமும் செய்தித்தாள் சுருளால் கரை கட்டி, நடுவில் கீற்றுகளைப் பதித்து டேப் போடுங்கள். பசை பிளாஸ்டிக்கில் பிடிக்காது. கூரை ஓடு வேய்வதுபோல மேல் கீற்றின் விளிம்பு கீழ்க் கீற்றின்மேல் ஏற வேண்டும். மாறினால் தண்ணீர் அட்டைக்குள் இறங்கிவிடும்.

மூன்று இடங்களில் பாதையை இரண்டாகப் பிரித்து மறுபடி சேருங்கள்: ஸ்ரீரங்கப்பட்டணம், சிவசமுத்திரம், திருவரங்கம். மூன்றும் ஆற்றுத்தீவுகள், மூன்றிலும் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். ஆதிரங்கம், மத்தியரங்கம், அந்தியரங்கம் என்பது அந்த வரிசைதான். பாட்டியிடம் இந்தப் பெயர்களைக் கேட்டிருக்கும் குழந்தைக்கு, தீவு என்றால் கடலுக்கு நடுவில்தான் இருக்கும் என்ற எண்ணம் விலகும். சிவசமுத்திரத்தில் பாதையைச் சட்டென்று தாழ்த்தினால் அருவி.

குடகின்மேல் தேங்காய் நாரும் பச்சை வண்ணமும். சமவெளியில் டீத்தூளைத் தூவி ஒட்டினால் வயல் மண்.

டெல்டாவைச் செய்யாதீர்கள், உருவாகவிடுங்கள்

இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. திருச்சிக்குக் கிழக்கே ஐந்து செ.மீ.யில் அட்டை முடிந்துவிட வேண்டும். அங்கே அகலத் தட்டை வைத்து, அதில் ஈரமணலை மெல்லப் பரப்பி, தொலைவிலுள்ள ஓரத்தில் நான்கு விரல் அகலம் வெறுமையாக விடுங்கள். அதுதான் கடல். மணலின் எல்லையில் முட்டை ஓட்டுத் தூளைத் தூவினால் கடற்கரை.

பாட்டில் மூடியில் ஊசியால் துளையிட்டு, தலைக்காவிரியில் மெதுவாகத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். மலைச்சரிவில் விரையும் தண்ணீர் மணலை எட்டியதும் தயங்கும், ஒரு வாய்க்காலைப் பறிக்கும், பின் வேறு பக்கம் திரும்பி இன்னொன்றைப் பறிக்கும். அடுத்த பாட்டிலில் ஒரு கரண்டி தோட்டத்து மண்ணைக் கலக்கி விடுங்கள். சரிவு குறையும் இடத்தில் வேகம் குறைந்து மண் படிவதைக் குழந்தைகள் விரலால் தொட்டே பார்க்கலாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் வண்டல் நிலம் இப்படித்தான் படிந்தது. குடமுருட்டி, அரசலாறு, வெண்ணாறு என்று கிளைகளுக்குப் பெயரிடும் வேலையை அவர்களிடமே விடுங்கள்.

மேட்டூரில் ஒரு தீக்குச்சிப் பெட்டியைக் குறுக்கே வைத்துக் காட்டலாம். 1934-இல் கட்டி முடித்த அணை என்று சொல்லி, நிலம் தானாகச் செய்தது எது, மனிதர் கட்டியது எது என்று பிரிக்கச் சொல்லுங்கள். வண்டல் எங்கே தங்குகிறது என்பதையும் பெட்டிக்குப் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள்.

தட்டிலுள்ள தண்ணீரை அன்றே வடித்துவிடுங்கள், கொசு வந்துவிடும். அட்டையை நிழலில் உலர்த்தினால் மறுபடியும் ஓடவிடலாம்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தவர்கள் தாமிரபரணியைச் செய்யலாம். பொதிகையில் தொடங்கிப் புன்னைக்காயலில் கடலில் சேரும் அந்த ஆறு சுமார் 128 கி.மீ.தான், 2 கி.மீ.க்கு 1 செ.மீ. என்று வைத்தால் 64 செ.மீ. கயிறு போதும். அந்தக் கணக்கில் 1,868 மீட்டர் அகத்தியமலை ஏறத்தாழ ஒரு செ.மீ. வருவதால், மலையை அவ்வளவு தூக்கிக்காட்ட வேண்டியிருக்காது.