மேகம் மூடிய மலையிலும் வெயில் சுடும்: நிறமி குறைந்த குழந்தைக்கு

என் மகளுக்குப் பிறவியிலேயே நிறமி குறைவு, ஆல்பினிசம் என்பார்கள். "கோத்தகிரி குளிரில் வெயிலுக்கு என்ன பயம்?" என்று பக்கத்து வீட்டில் சொன்னதை நானும் நம்பினேன். மேகமூட்டமான ஒரு ஏப்ரல் காலையில் தேயிலைத் தோட்டத்து ஓரம் விளையாடியவளுக்கு, மாலைக்குள் காதும் பிடரியும் சிவந்து கன்றிவிட்டன. 1,000 மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுக்காது. குளிர்காற்றில் சுடுவதும் தெரியாது.

கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே, எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனைத் தாராளமாகப் பூசுங்கள். காது மடலை மறக்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிழலும் துணியும்தான் முதல் காப்பு. எனக்கும் துணி மேல்தான் நம்பிக்கை: நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி.

கண்ணை மறந்துவிடாதீர்கள். நிறமி இல்லாமல் விழித்திரை முழுதாக வளராததால் கண்ணாடி போட்டாலும் பார்வை மங்கலாகவே இருக்கலாம். வகுப்பில் முதல் பெஞ்ச், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரும் இடம், பெரிய எழுத்து, இவற்றை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், சிறு அடிக்கே உடம்பு கன்றினாலோ, மூக்கில் அடிக்கடி ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். சில அரிய வகைகளில் ரத்தம் உறைவதிலும் கோளாறு இருக்கும். பல் பிடுங்கும் முன் தெரிந்தாக வேண்டும்.

கிரகணத்தில் வெளியே வந்ததால்தான் என்று தாயைக் குறை சொல்லும் உறவினரிடம், பெரும்பாலும் அப்பா அம்மா இருவரின் மரபணுவும் சேர்ந்துதான் இது வரும் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன்.