வெறும் பாரிலிருந்து தொடங்குங்கள்: வெயிட் லிஃப்டிங்கில் முதல் 12 வாரம்

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து பாரில் (எடை மாட்டும் நீண்ட இரும்புக் கம்பி) பிளேட் (வட்டமான எடைத்தட்டு) ஏற்றிவிட்டு, அடுத்த மாதம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பலம் இல்லாமல் இல்லை. தசை சில வாரங்களில் தேறிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் தேற மாதக்கணக்கில் ஆகும். "இன்னும் தூக்கலாம் போலிருக்கே" என்று தோன்றுகிற அந்த இடைவெளியில்தான் அடிபடுகிறது. இங்கே சொல்லும் முறை அந்த இடைவெளியைக் கடப்பதற்கானது.

ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, குடலிறக்கம், பழைய முதுகு வலி, அண்மையில் பிரசவம் என்று எதுவும் இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

1. நாள் குறியுங்கள்

வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து பாரை மேலே தள்ளுவது), ரோயிங் (குனிந்து நின்று பாரை வயிற்றை நோக்கி இழுப்பது). அடுத்த முறை ஸ்குவாட், ஷோல்டர் பிரஸ் (நின்றபடி பாரைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் பாரைத் தூக்கி நிமிர்ந்து நிற்பது). இப்படி மாறி மாறி. ஒவ்வொன்றும் 3 செட் (சுற்று), செட்டுக்கு 8 முறை, நடுவே 2 நிமிட ஓய்வு. இவ்வளவு போதும்.

வேலூர் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014-இலும் 2018-இலும் காமன்வெல்த் தங்கம் வாங்கிய ஸ்நாட்ச் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது), கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல் தூக்குவது) இரண்டும் வேறு வித்தை. கூடவே நின்று திருத்தும் பயிற்சியாளர் இல்லாமல் அவற்றைத் தொடாதீர்கள்.

2. பாரின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

போட்டிகளில் ஆண்களுக்கான பார் 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. ஊர்ப்புற ஜிம்களில் இதைவிட லேசான ராடுகளும் இருக்கும். மாஸ்டரைக் கேளுங்கள். முதல் இரண்டு வாரம் வெறும் பார் மட்டும்தான். அதுவே கனமாக இருந்தால் தம்பிள்ஸில் தொடங்குங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை.

3. குனியக் கற்றுக்கொள்ளுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். வீட்டிலிருக்கும் ஒட்டடைக் கம்பை எடுத்து முதுகோடு சேர்த்துச் செங்குத்தாகப் பிடியுங்கள். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு என்று மூன்று இடத்தில் அது பட வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது பின்பக்கத்தால் கதவைச் சாத்துவோமே, அதே அசைவு. கம்பு மூன்றில் ஓர் இடத்தை விட்டு விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். தினமும் 10 முறை, ஒரு வாரம் செய்த பிறகு டெட்லிஃப்டுக்கு வாருங்கள்.

நிறைகுடத்தை யாரும் கையை நீட்டித் தூக்குவதில்லை, இடுப்போடு அணைத்துத்தான் தூக்குகிறோம். பாரும் அப்படித்தான். கெண்டைக்காலின் முன்பக்கத்தை உரசியபடி மேலே வர வேண்டும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. அதனால் பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். சின்ன இரும்பு பிளேட் மாட்டினாலோ வெறும் பாராக இருந்தாலோ அது இன்னும் கீழே கிடக்கும், எட்டிப் பிடிக்கப்போய் முதுகு கூன் போட்டுவிடும். அடியில் மரக்கட்டையோ பிளேட்டோ வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள்.

தூக்குமுன் மூச்சை இழுத்து, வயிற்றில் யாரோ குத்தப்போவதுபோல் இறுக்குங்கள். பாதிக்கு மேல் வந்ததும் மூச்சை விடலாம்.

4. தனியாக மாட்டிக்கொள்ளாதீர்கள்

பெஞ்ச் பிரஸுக்குத் தலைமாட்டில் ஒருவர் நிற்கட்டும். கட்டைவிரல் பாரைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். ஸ்குவாட்டை ரேக்குக்குள் (பாரைத் தாங்கும் இரும்புச் சட்டம்) செய்யுங்கள். நீங்கள் முழுதாக உட்காரும்போது பார் இருக்கும் உயரத்துக்குச் சற்றுக் கீழே பாதுகாப்புக் கம்பிகளை மாட்டுங்கள். எழ முடியாவிட்டால் பார் அதில் அமர்ந்துவிடும்.

5. வாரம் 2.5 கிலோ

மூன்று செட்டும் முதுகு வளையாமல் முடிந்தால் மட்டும் அடுத்த வாரம் பாரின் ஒவ்வொரு பக்கமும் 1.25 கிலோ கூட்டுங்கள். 20 கிலோவில் தொடங்கியவர், முதல் இரண்டு வாரம் போக மீதி பத்து வாரத்தில் 45 கிலோ வரை வரலாம். ஷோல்டர் பிரஸ் இத்தனை வேகமாக ஏறாது, அதற்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டினால் போதும். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவாருங்கள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை பிடித்துக்கொண்டு வலிப்பது இயல்பு. மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ, இடுப்பிலிருந்து காலுக்கு மரத்துப்போனாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வலி ஏதுமின்றி, ஒரே எடையில் மூன்று முறை செட்டை முடிக்க முடியாமல் போனால் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்து, அங்கிருந்து மறுபடி ஏறி வாருங்கள்.