பழைய பத்திரிகையில் பிளேடு வைக்கும் முன்

பரணில் 1940, 50-களின் ஆனந்த விகடன், கல்கி இதழ்கள் ஒரு கட்டு கிடைத்தால், நடிகைகள் சிரிக்கும் லக்ஸ் சோப்பு, அமிர்தாஞ்சன், ஹார்லிக்ஸ் விளம்பரங்களை மட்டும் வெட்டி விற்றால் என்ன என்ற யோசனை பலருக்கும் வருகிறது. சில சமயம் அது லாபம்தான். ஆனால் கணக்கு முதலிலேயே தப்பாகிவிடுகிறது.

ஒரு விளம்பரத்துக்கு யாரோ கேட்ட விலையை, இதழில் உள்ள எல்லா விளம்பரங்களுக்கும் பெருக்கிப் பார்க்கிறார்கள். வேகமாக விலைபோவது முழுப்பக்க வண்ண விளம்பரம், சினிமா முகம், இன்றும் பெயர் தெரிந்த கம்பெனி, அவ்வளவுதான். கால்பக்கத்தில் நெருக்கியடித்து நிற்கும் லேகியத்தையும் ஜோசியத்தையும் தனியாக வாங்க ஆள் வருவது கஷ்டம். இதழோடு இருந்தால்தான் அவற்றுக்கு மதிப்பு. பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் சேகரித்த கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நோட்டீஸ், அழைப்பிதழ்களைக்கூட விடாமல் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்க, அதுவே சென்னையில் ஆய்வு நூலகமானது.

அடுத்த தவறு, தாளைத் திருப்பிப் பார்க்காமல் வெட்டுவது. மறுபக்கம் ஓவியர் கோபுலுவின் சிரிப்புப் படமாக இருக்கலாம், தொடர்கதையின் நடுப்பக்கமாக இருக்கலாம். 1950 முதல் 1954 வரை கல்கியில் 'பொன்னியின் செல்வன்' மணியம் ஓவியங்களோடு வந்தது. அந்த இதழ்களைத் தேடி வருகிறவர் முதலில் பக்கங்களைத்தான் எண்ணுவார். ஒரு தாள் குறைந்தாலும் பேரம் அங்கேயே இறங்கிவிடும்.

அட்டை விஷயம் பலருக்கும் உறைப்பதில்லை. தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து பைண்டு செய்து வைப்பது நம் வீடுகளின் பழக்கம். அதில் முதலில் குப்பைக்குப் போனவை அட்டையும் விளம்பரத் தாள்களும். வண்ண விளம்பரங்கள் அதிகம் இருந்ததோ அட்டையின் உள்பக்கத்திலும் பின்னட்டையிலும்தான். ஆகவே அட்டையோடு தப்பிய இதழ் கிடைப்பதே அபூர்வம். அதைப் போய் வெட்டுவது அநியாயம். தீபாவளி மலர் என்றால் பிளேடை எடுக்கவே வேண்டாம்.

அப்புறம் எதை வெட்டலாம்? ஏற்கெனவே பாதிப் பக்கம் போனது, இராமபாணப் பூச்சி கதைப்பக்கங்களைத் துளைத்தது, நனைந்து ஒட்டிக்கொண்டதில் இரண்டு விளம்பரம் மட்டும் பிழைத்தது. இவற்றை வெட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. வெட்டும்போதும் படத்தை ஒட்டி வெட்டாமல் முழுத் தாளாக எடுங்கள். பத்திரிகையின் பெயரும் தேதியும் எழுதிய துண்டுச்சீட்டு கூடவே இருக்கட்டும். தேதி தெரியாத விளம்பரத்துக்கு வாங்குகிறவர் வைப்பதுதான் விலை. பளபளப்பாகத் தெரியட்டும் என்று லேமினேஷன் செய்தால் சேகரிப்பவர் தொடவே மாட்டார். செல்லோடேப்பும் அப்படித்தான், சில வருடங்களில் பழுப்புக் கறையாகிவிடும்.

வெட்டுவதற்கும் வெட்டாமல் வைப்பதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. இதழை முழுதாகவே விலை சொல்லுங்கள், ஆனால் உள்ளே இருக்கும் நல்ல விளம்பரங்களைப் படம் எடுத்துக் காட்டுங்கள். லக்ஸ் விளம்பரம் தேடுகிறவர் அதற்காகவே முழு இதழையும் வாங்கிப் போவதுண்டு. யாரும் வாங்காவிட்டாலும் கட்டு குலையாமல் உங்களிடமே இருக்கும், வெட்டுவதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.