மார்கழிப் பனியில் செய்யக் கூடாதவை

மார்கழி பிறந்து நாலைந்து நாள் ஆனதும் எங்கள் வீட்டுக் குளியலறை மாடத்தில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்கும். போன வருடம் பக்கத்து வீட்டு மதினி, உறைந்த பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, "கலப்படத்தைத் தலையில கட்டிட்டாங்க தம்பி" என்று கடைக்கே கிளம்பிவிட்டார்கள். "அப்படியே திண்ணை வெயில்ல கொஞ்ச நேரம் வைங்க மதினி" என்றேன். அரை மணி நேரத்தில் பழையபடி உருகிவிட்டது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மதுரைப் பக்கம் மார்கழி விடியலில் 20 டிகிரியை ஒட்டி இறங்கிவிடுகிறது. உறைவது அதன் இயல்பு, கலப்படத்துக்கு அடையாளம் அல்ல. அவசரத்துக்குப் பாட்டிலை அடுப்பில் காட்டுவதுதான் தவறு. வெந்நீர்ச் செம்புக்குள் நிறுத்தினாலே போதும்.

வருடம் முழுக்க வெயிலோடு மல்லுக்கட்டுகிற ஊர் நம்முடையது. குளிர் என்று வருவது மார்கழி, தை, மிஞ்சிப்போனால் மாசியில் பாதி. அந்தக் கொஞ்ச நாளையும் பயந்து கதவைச் சாத்திக்கொண்டே கழித்துவிடுகிறோமே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

"பனி பட்டா சளி பிடிக்கும்" என்று ஜன்னல்களை இறுக அடைத்து, உள்ளே கொசுவர்த்தியையும் கொளுத்தி வைத்துவிட்டு ஆறேழு பேர் படுக்கிற வீடுகள் உண்டு. சளிக் காய்ச்சலைக் கொண்டுவருவது வைரஸ். காற்றோட்டம் இல்லாத அறையில் ஒருவர் இருமினால் எல்லோருக்கும் தொற்றும். வயசானவர்களும் கைக்குழந்தைகளும் காதை மூடி, சட்டைக்கு மேல் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்ளட்டும், நல்லதுதான். ஜன்னலில் ஒரு கதவாவது திறந்திருக்க வேண்டும். கொசுவுக்கு வலை கட்டுங்கள்.

விடியலைத் தூங்கிக் கழிப்பதை இன்னும் பெரிய இழப்பு என்பேன். பெருமாள் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை கேட்கும்போது தெரு முழுக்க வாசல் தெளித்த ஈரமும் கோலமும் இருக்கும். கோலத்தின் நடுவில் சாணிப் பிள்ளையார், அதன் தலையில் பூசணிப்பூ. அந்தப் பூவைப் பறிப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. பிள்ளைகளை அனுப்பினால் கைக்கு எட்டிய பூவையெல்லாம் பறித்து வந்துவிடுவார்கள். பூவுக்கு அடியில் சுண்டைக்காய் அளவுக்குப் பிஞ்சு உருண்டிருந்தால் அது பெண் பூ, அதைத் தொடக் கூடாது. மெல்லிய காம்போடு நீண்டு நிற்பது ஆண் பூ. அதைப் பறிக்கலாம், அதிலும் கொடியில் நாலைந்தை மகரந்தத்துக்கு விட்டுவிட வேண்டும். விடியலில் விரிந்து, வெயில் ஏறினால் சுருங்கிவிடுகிற பூ அது. எட்டு மணிக்குப் போய்த் தேடிப் பயனில்லை.

குளிர்காய்வது இந்தப் பருவத்தின் பெரிய சுகம். சோளத்தட்டை, பனை ஓலை, வேப்பஞ்சுள்ளி என்று காய்ந்தது எதுவும் ஆகும். ஆனால் பிளாஸ்டிக் கவர், டயர், பெயின்ட் அடித்த பலகை கூடாது. அரளிக் குச்சியையும் போடக் கூடாது, அதன் புகையிலும் நஞ்சு உண்டு. நாற்கரச் சாலை நடுவில் வெட்டிப் போட்ட அரளியை விறகென்று அள்ளி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மார்கழி விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதால் புகை மேலே ஏறாமல் தெருவிலேயே படுத்துக்கிடக்கும். போகிப் புகை அவ்வளவு நேரம் கலையாமல் நிற்பதும் இதனால்தான். எழுந்து போகும்போது சாம்பலில் தண்ணீர் தெளித்துவிடுங்கள். கதகதப்புக்கு நாய்க்குட்டி வந்து படுத்துக்கொள்ளும். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதை மட்டும் யாரும் எந்த ஊரிலும் செய்ய வேண்டாம். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

பருத்திப்பாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மதுரைத் தெருக்களில் சாயங்காலம் வண்டியில் சுடச்சுடக் கிடைக்கிறதுதான், இருந்தாலும் வீட்டில் ஒருமுறை காய்ச்சிப் பாருங்கள். முதல் தவறு கொட்டை வாங்கும் இடத்தில். விதைக்கடையில் விற்கும் பருத்தி விதை பூச்சிமருந்தும் சாயமும் ஏற்றியது, விதைப்புக்கு மட்டுமே ஆகும். சாப்பாட்டுக்கென்று கேட்டு, நாட்டு மருந்துக்கடையிலோ பலசரக்குக் கடையிலோ, பஞ்சு ஒட்டிய பழுப்புக் கொட்டையாக வாங்குங்கள். ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவி, அரைத்து, மெல்லிய துணியில் பிழிய வேண்டும். சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு அரைத்தால் இரண்டாம் பால், மூன்றாம் பாலும் வரும். ஒரே பிழியோடு சக்கையைக் கொட்டிவிடுவது பாதி ருசியைக் கொட்டுவதுதான். பருத்திக்கொட்டையில் காசிபோல் (gossypol) என்றொரு பொருள் உண்டு, அது உடம்புக்கு ஆகாது. அதனால் பச்சையாக வாயில் வைக்காமல் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். கொதி வந்ததும் ஊறவைத்து அரைத்த ஒரு கைப்பிடி பச்சரிசியைக் கரைத்து ஊற்றி, கரண்டியை எடுக்காமல் கிண்டுங்கள். போன் வந்ததென்று இரண்டு நிமிஷம் திரும்பினால் அடிபிடித்துவிடும், அந்தத் தீய்ந்த வாடை என்ன செய்தாலும் போகாது. கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டிச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பல்லில் மண் நறநறக்கும். கடைசியாகச் சுக்கு, ஏலக்காய், தேங்காய்த் துருவல். மேலே ஏடு மாதிரி படர்ந்து, டம்ளரை ஊதும்போது ஓரத்துக்கு ஒதுங்கும் பாருங்கள், அதுதான் பக்குவம்.

ஆடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பனி காயாத புல்லில் மேயவிடாதீர்கள். ஈரம் இருக்கும் வரை குடற்புழுவின் குஞ்சுகள் புல் நுனிக்கு ஏறி நிற்கும், ஆடு நுனியைத்தான் கடிக்கும். பனி காய ஒன்பது மணி ஆனாலும் காத்திருந்து பட்டியைத் திறங்கள்.

மல்லிகையை நினைத்து ஏங்குவதையும் இந்தப் பருவத்தில் விட்டுவிடலாம். பனியில் மொட்டு குறைந்துவிடும், மாட்டுத்தாவணிச் சந்தையில் கிலோ ஆயிரங்களைத் தாண்டும். வேலியோரம் ஊதாவாகப் பூத்துக்கிடக்கும் டிசம்பர் பூவுக்கு வாசம் இல்லைதான். மரிக்கொழுந்து ஒரு இணுக்கு வைத்துக் கட்டினால் அந்தக் குறையும் தெரியாது.

"கொடைக்கானல்ல ஸ்னோ பெய்யுதாம், போவமா" என்று வருடாவருடம் இளவட்டங்கள் கிளம்புகிறார்கள். அங்கே மழை மாதிரி வானத்திலிருந்து எதுவும் பெய்வதில்லை. அது உறைபனி. கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி போலக் குறையும். மேகம் இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட, பள்ளமான புல்வெளியில் காற்றின் ஈரம் அப்படியே வெள்ளையாக உறைந்து படியும். நம் ஊர்ப் புல்லில் முத்து முத்தாக நிற்பதும் அதே ஈரம்தான், இங்கே அது உறைவதில்லை. ஆகவே மேகமூட்டமான நாளில் போனாலும், ஹோட்டலில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் போனாலும் வெறும் ஈரப் புல்தான் இருக்கும். சூரியன் வருமுன் போக வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாகப் பனிமூட்டத்தில் மலை ஏற வேண்டாம், முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். மூட்டத்தில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி அடிக்கும்.

பொங்கல் முடிந்ததும் கம்பளியைத் துவைத்துப் பரணில் போட்டுவிடுவது எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற தவறு. அப்பத்தா விடாது: "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்யா." மாசி, பங்குனியைப் பழைய கணக்கு பின்பனி என்றே சொல்கிறது. பகல் சுட்டாலும் பின்னிரவு குளிரும். மாசிச் சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறவர்கள் பொட்டலில்தான் ராத்தங்க வேண்டும். கம்பளியை வண்டியில் முதலில் ஏற்றுங்கள். படுக்கிற இடத்தை மரத்தடியாகப் பாருங்கள், இலைக்கூரைக்குக் கீழே தரை அவ்வளவாகக் குளிராது, பாயும் நனையாது.