கொட்டகையில் கிடைத்த காரின் பழைய பெயின்ட்டைக் கெடுக்கும் தவறுகள்

2024 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் பழங்கார் போட்டியில் தலைப் பரிசை வென்றது 1934ஆம் ஆண்டு புகாட்டி டைப் 59. மங்கித் தேய்ந்த கறுப்புப் பெயின்ட், அதன் மேல் மஞ்சள் கோடு. புதுப்பிக்காமல் அப்படியே காப்பாற்றிய கார் ஒன்று அங்கே தலைப் பரிசு வாங்கியது அதுவே முதல் முறை. ஆனாலும் அமெரிக்கப் பண்ணைக் கொட்டகைகளிலிருந்து வெளியே வரும் பழைய கார்கள் பல, வந்த முதல் வாரத்திலேயே பெயின்ட்டை இழந்துவிடுகின்றன. கெட்ட எண்ணத்தால் இல்லை, ஆர்வத்தால். புது பெயின்ட் எந்த ஆண்டிலும் அடித்துக்கொள்ளலாம். பழையது போனால் போனதுதான். அதனால் எதைச் செய்வதற்கு முன்னும் ஒரு கேள்வி போதும்: இதைப் பிறகு எடுத்துவிட முடியுமா?

முதல் தவறு, வண்டி வெளிச்சத்துக்கு வந்ததுமே தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது. பல ஆண்டு தூசியில் நுண்மணல் இருக்கும். துணியால் துடைத்தாலே கீறல் விழும். பெயின்ட் உரியத் தொடங்கிய ஓரங்களில் தண்ணீர் உள்ளே புகுந்து செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். 1920களின் பாடிகள் பலவற்றில் தகட்டுக்குள்ளே இருப்பது மரச்சட்டம். அது ஊறினால் மேலிருக்கும் பெயின்ட்டும் வெடிக்கும். முதலில் நாலாபுறமும் படம் எடுங்கள். பிறகு மென்மயிர்ப் பிரஷால் தூசியைக் கிளப்பி, வலைத்துணி கட்டிய வாக்குவம் குழாயைச் சற்றுத் தள்ளிப் பிடித்து உறிஞ்சுங்கள். எலிக்கூடு இருந்தால் அதை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். அமெரிக்காவின் மான் எலிகள் உயிருக்கே ஆபத்தான ஹான்டா வைரஸைப் பரப்பும். முகக்கவசம், கையுறையோடு, கூட்டைக் கிருமிநாசினியால் நனைத்த பிறகே எடுக்க வேண்டும்; அந்தக் கிருமிநாசினி பெயின்ட்டில் தெறிக்கவும் கூடாது.

அடுத்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு: எந்த வகைப் பெயின்ட் என்று தெரியாமல் கை வைப்பது. ஆரம்பகாலக் கார்களுக்குக் குதிரை வண்டிக்குப் போலவே எண்ணெய்ப் பெயின்ட்டையும் வார்னிஷையும் பிரஷால் பல பூச்சு பூசி, வாரக்கணக்கில் காயவைத்தார்கள். ஃபோர்டு மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. அது நிலக்கீல் கலந்து அடுப்பில் சுட்ட எனாமல். 1923இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களில் டூபான்ட் ரசாயன நிறுவனத்தின் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வந்ததும், காயவைக்கும் வாரக்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கியது. நம்மூர்ப் பட்டறைகளில் புழங்குகிற ‘டூகோ’ என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் எத்தனை ஆண்டு ஆனாலும் தின்னர் பட்டால் மறுபடி கரையும். எனாமல் அப்படி இல்லை. காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிவிட்ட படலம் அது, எளிதில் கரையாது. பறவை எச்சத்தையோ தாரையோ எடுக்கலாம் என்று தின்னர் நனைத்த துணியை லாக்கரில் வைத்தால், கறையோடு நிறமும் வந்துவிடும். ஆகவே கதவுக் கீலின் அடிப்பக்கம் போல் கண்ணில் படாத இடத்தில் பஞ்சுக்குச்சியால் சோதியுங்கள். முதலில் காய்ச்சி வடித்த நீர், அடுத்து அமிலமோ காரமோ இல்லாத நடுநிலை சோப்பு சில சொட்டு, அதற்கும் அசையாவிட்டால் மினரல் டர்பன்டைன். பஞ்சில் வண்டியின் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள். தேறிய முறையையும் பெரிய பரப்பில் ஒரே மூச்சில் இழுக்காமல், உள்ளங்கை அகல இடமாகப் பார்த்து முன்னேறுங்கள்.

தேய்த்துப் பளபளப்பாக்கும் பசையான ரப்பிங் காம்பவுண்ட் போட்டால் ஒரு பக்கம் பளபளக்கும். பார்க்க மனசு துள்ளும். துணியில் ஏறிய நிறம் அழுக்கல்ல, பெயின்ட். அந்தக் காலக் கார்களில் மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு கிடையாது, தேய்வது நிறப் படலமே. மட்கார்டு விளிம்பிலும் பானெட் மடிப்பிலும் அது ஏற்கெனவே மெலிந்திருக்கும். கதவோரம் கையால் இழுத்த மெல்லிய கோடும் பழைய உரிமையாளர் எழுதிவைத்த பெயரெழுத்தும் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதால் அவைதான் முதலில் போகும்.

அடிப்பூச்சைத் தேடிச் சுரண்டுவதும் இதே வகைதான். அந்த புகாட்டி முதலில் பந்தய வண்டி. பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டின் கைக்குப் போன பிறகே கறுப்பும் மஞ்சளும் வந்தன. ‘தொழிற்சாலை நிறம்’ வேண்டும் என்று யாராவது கறுப்பைச் சுரண்டியிருந்தால் மன்னரின் காலமே அந்த வண்டியிலிருந்து மறைந்திருக்கும். பின்னால் ஏறிய பூச்சும் வண்டியின் கதைதான்.

துருவும் பெயின்ட்டும் கலந்த பழைய டிரக்குகளுக்குக் காய்ச்சிய ஆளி விதை எண்ணெய் பூசும் பழக்கம் அமெரிக்காவில் பரவிக் கிடக்கிறது. நிறம் உடனே ஆழமாகத் தெரியும், உண்மை. ஆனால் அந்த எண்ணெய் இறுகிப் படலமாகிவிடும். நாளாக நாளாகக் கருக்கும். அதை எடுக்கப் போனால் அடியிலுள்ள பெயின்ட்டும் கூட வரும். அந்த எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றவும் கூடும். இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் இன்றைய கிளியர் கோட்டும் எனக்கு ஏற்புடையதல்ல. துரு அதன் அடியில் வளர்ந்துகொண்டே போய், ஒரு நாள் படலத்தோடு பெயின்ட்டையும் தூக்கிக்கொண்டு உரியும். இவற்றுக்குப் பதில் நுண்படிக மெழுகை மெல்லிசாகப் பூசுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவான ரெனசான்ஸ் வாக்ஸ் இந்த வகை. வேண்டாம் என்றால் பின்னாளில் கரைத்து எடுக்கலாம். செதில் எழும்பிய இடத்தில் மட்டும் மெழுகும் வேண்டாம். தேய்க்கும் விசையே செதிலை உடைக்கும். அதை ஒட்டவைப்பது பாதுகாப்பு வல்லுநரின் வேலை. துருவை மாற்றிவிடும் என்று விற்கிற திரவங்கள் பலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும், அது பக்கத்துப் பெயின்ட்டையும் பதம் பார்க்கும்.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு, பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடி வைக்கிறவர்கள் உண்டு. உள்ளே ஈரம் வேர்த்து நிற்கும். காற்றுப் புகும் மென்பருத்தி உறை போடுங்கள். அதையும் வண்டி மேல் தூசி இல்லாதபோது மட்டும். குளிர்ந்த கொட்டகையிலிருந்து ஹீட்டர் ஓடும் கராஜுக்கு ஒரே நாளில் மாற்றினால் மரச்சட்டம் உலர்ந்து சுருங்கும், பெயின்ட்டில் விரிசல் விழும். ஹீட்டரை அணைத்து வைத்துச் சில வாரங்கள் வண்டியைப் பழகவிட்டு, ஈரப்பதமானியைப் பார்த்துக்கொண்டே சூட்டைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள்.