கந்தோரில் ஒரு நாள்: தெரிவுகளால் நகரும் காட்சிக்கதை விளையாட்டை ரென்பையில் செய்யும் முறை

இந்த விளக்கத்தின் முடிவில் பதினைந்து நிமிடம் ஓடும் ஒரு சிறு விளையாட்டு உங்கள் கையில் இருக்கும். களம், திருகோணமலையில் ஒரு கற்பனைப் பிரதேச செயலகம். நாயகன் புதிதாகச் சேர்ந்த முகாமைத்துவ உதவியாளர், கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவன். அவனைத் தவிரப் பாத்திரங்கள் மூன்று, தெரிவுகள் மூன்று, பின்னணிப் படங்கள் நான்கு. முதல் முயற்சிக்கு இதற்கு மேல் வேண்டாம்.

1. மென்பொருளும் தமிழ் எழுத்தும்

ரென்பை (Ren'Py) காட்சிக்கதை விளையாட்டுகள் செய்வதற்கென 2004 முதல் கிடைக்கும் இலவச மென்பொருள். செய்ததை விற்கவும் தடையில்லை. 8ஆம் வரிசையின் ஆகப் புதிய பதிப்பை இறக்குங்கள். பழைய பதிப்புகளில் தமிழ் சிதையும்: "கொ" என்று எழுதினால் கொம்பு இடம் மாறி எழுத்து உடைந்து நிற்கும். புதிய திட்டம் தொடங்கும்போது 1280க்கு 720 அளவைத் தெரிவுசெய்தால் பழைய கணினியிலும் தடங்கலில்லாமல் ஓடும்.

இப்போதே தமிழில் எழுதி ஓட்டினால் வெறும் பெட்டிகள்தான் தெரியும். ரென்பையுடன் வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவின் சாதாரணத் தடிப்புக் கோப்பை இறக்கி, பெயரைச் சிற்றெழுத்தாக்கி, இடைவெளியை நீக்கி, திட்டத்தின் கேம் கோப்புறைக்குள் போடுங்கள். பிறகு ஜியுஐ என்ற கோப்பைத் திறந்து, உரையாடல், பாத்திரப் பெயர், பொத்தான்கள் ஆகிய மூன்றுக்கும் எழுத்துரு குறிக்கும் மூன்று வரிகளிலும் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். ஒன்றை விட்டால் அந்த இடத்தில் மட்டும் பெட்டி வரும்.

பாமினியில் தட்டச்சுப் பழகியவர்கள் கவனிக்க வேண்டும். பாமினியில் அடித்தது உள்ளே ஆங்கில எழுத்தாகவே இருக்கும். திரையிலும் அப்படியே வரும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டுங்கள். வேர்டிலிருந்து ஒட்டுவதானால் வளைந்த மேற்கோள் குறிகளை நேர்குறிகளாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் அந்த வரியில் பிழை காட்டும்.

2. கணக்கைத் தாளில் போடுங்கள்

தெரிவு விளையாட்டுகள் பாதியில் நிற்பதற்கு முக்கிய காரணம் கிளைகள்தான். ஒவ்வொரு தெரிவுக்கும் தனிக் கதை எழுதப் போனால் மூன்று தெரிவுக்கு எட்டு வழி, பத்துத் தெரிவுக்கு 1024. யாராலும் எழுதி முடியாது. கதையை ஒரே தண்டாக வைத்து, தெரிவின் விளைவை எண்ணாகச் சேமியுங்கள். கிளை நாலு வரி ஓடி மீண்டும் தண்டில் சேரட்டும். எண் மட்டும் பின்னால் வந்து கணக்குக் கேட்கட்டும்.

நமது நாளைப் பாருங்கள். காலை 8.30க்கு வேலை தொடக்கம், நாயகன் வருவது 8.40. வரவுப் பதிவேட்டில் 8.40 என்று எழுதினால் "நம்பிக்கை" ஒன்று கூடும், 8.30 என்று எழுதினால் ஒன்று குறையும். பத்து மணிக்கு ஒரு வேலை வருகிறது: பன்னிரண்டுக்குள் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) ஒரு படிவம் போக வேண்டும். கையில் 120 நிமிடம், படிவத்துக்கு 90 வேண்டும்.

அந்த நேரத்தில் மூதூரிலிருந்து ஒரு உம்மா சிங்களக் கடிதத்துடன் வருகிறார். வாசித்து விளக்க 25 நிமிடம் போகும். பிறகு சக ஊழியர் அக்கா தேத்தண்ணிக்குக் கூப்பிடுகிறார், அதற்கு 15. தனித்தனியே இரண்டுக்கும் நேரம் இருக்கிறது. இரண்டையும் செய்தால் மிஞ்சுவது 80, பத்து நிமிடம் போதாது. அப்போது பிரதம லிகிதர் கச்சேரிக்கு அழைத்துத் தவணை கேட்பாரா என்பதைக் காலையில் பதிவேட்டில் எழுதிய நேரம் தீர்மானிக்கும்.

இதில் எந்தத் தெரிவும் அப்பட்டமான நல்லதோ கெட்டதோ இல்லை. அக்காவுடன் போகாவிட்டால் அவரும் அதை மனதில் வைத்திருக்கலாம். "உதவு", "விரட்டு" என்று இரண்டு பொத்தான் வைத்தால் விளையாடுபவர் யோசிக்காமலே முதலாவதை அழுத்துவார். பொத்தானில் நாயகன் வாயால் வரும் பேச்சையே வையுங்கள்.

3. எழுதும் முறை

ஸ்கிரிப்ட் கோப்பில் ஒரே விதி: மேற்கோள் குறிக்குள் தமிழ், வெளியே எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து. கீழே கட்டளைகளை ஒலிப்பில் தந்திருக்கிறோம். நீங்கள் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

லேபிள் கடிதம்:
    உம்மா "மகன், இந்தக் கடுதாசி சிங்களத்துல இருக்கு. என்ன எழுதியிருக்கு எண்டு பாத்துச் சொல்லுங்க."
    மெனு:
        "இருங்க உம்மா, வாசிச்சுச் சொல்றன்":
            $ நேரம் -= 25
        "பொறுப்பான சேர் வெளியில, நாளைக்கு வாங்க":
            $ மதிப்பு -= 1
    ஜம்ப் தேத்தண்ணி

உள்தள்ளல் ஒவ்வொரு படிக்கும் நான்கு இடைவெளி. டாப் விசையின் குறி கோப்பில் இருந்தால் ரென்பை ஏற்காது. ஒவ்வொரு தெரிவின் இறுதியிலும் முக்காற்புள்ளி வேண்டும். கடைசி ஜம்ப் வரி மெனுவுக்கு நேர்கீழே நிற்பதால்தான் இரண்டு கிளையும் ஒன்றுசேர்கின்றன. அதை உள்ளே தள்ளினால் ஒரு கிளைக்கு மட்டுமே பொருந்தும்.

நேரம், நம்பிக்கை, மதிப்பு மூன்றையும் கோப்பின் தொடக்கத்தில் டிஃபால்ட் கட்டளையால் அறிவியுங்கள், டிஃபைனால் அல்ல. டிஃபைன் மாறாதவற்றுக்கு உரியது. மாறும் எண்ணை அதில் வைத்தால், சேமித்த விளையாட்டைத் திறக்கும்போது கணக்குப் பிசகும்.

4. படங்கள்

காலை பஸ் நிலையத்தடியில் மேயும் மான்கள், அலுவலகக் கூடம், பிரதம லிகிதரின் மேசை, தேநீர்க்கடை என நாலு பின்னணி போதும். படம் பிடித்துத்தான் வரைவதானால் கடற்படைத்தளப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். உண்மையான அலுவலகத்துக்குள் எடுக்க அனுமதி வாங்குங்கள். மேசையில் கிடக்கும் கோப்புகளில் மக்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கும். கூடத்தை வரைந்துவிடுவதே நல்லது.

பாத்திரப் படங்கள் பின்புலம் இல்லாத பிஎன்ஜி. கோப்புப் பெயரின் முதற்சொல் ஆளின் பெயர், இரண்டாவது முகபாவம். முதற்சொல் ஒன்றாக இருந்தால் புதிய முகம் பழையதன் இடத்துக்கு வரும். ஓர் எழுத்து மாறினாலும் ஒரே உம்மா திரையில் இரண்டு பேராக நிற்பார்.

5. சோதனையும் வெளியீடும்

விளையாட்டை ஓடவிட்டபடியே எழுதலாம். ஷிஃப்ட்டும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தினால் மாற்றம் உடனே தெரியும். எட்டு வழிகளையும் தாளில் எழுதி ஒவ்வொன்றாக விளையாடுங்கள். தவறவிடக்கூடாதவை, உம்மாவுக்கும் உதவித் தேத்தண்ணிக்கும் போன இரண்டு வழிகள். சுட்டியின் சக்கரத்தை மேலே உருட்டினால் விளையாட்டு பின்னால் போகும், தெரிவையும் மாற்றலாம். தொடக்கத்தில் அதை அப்படியே விடுங்கள், சோதனைக்கு மிக உதவும்.

லிண்ட் என்ற சரிபார்ப்பை ஓட்டி, அது சொல்லும் விடுபட்ட படங்களையும் இல்லாத லேபிள்களையும் திருத்துங்கள். பிறகு விண்டோஸ் பொதியை உருவாக்கி வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். ஆண்ட்ராய்டுக்குக் கூடுதல் கருவிகளை இறக்க வேண்டும், அதை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளலாம். கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறியிருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, தொலைபேசியில் படமோ எழுத்துருவோ வராமல் போகலாம். சிற்றெழுத்து விதியை முதல் நாளிலிருந்தே கடைப்பிடித்தால் அந்தத் திருத்தம் தேவைப்படாது.